அரண்மனை ஏடும் அடியார் ஏடும்

யானை பிடிக்கும் வேலைக்கு, சங்கரதேவரின் குலத்தாரான பூயான்களை ஏவினான் அசாமின் அஹோம் அரசன். வளைத்துவைத்த யானைகள் அவர்கள் காவல் நின்ற பக்கமாகவே பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டன. பழி அவர்கள் தலையில் விழுந்தது. வைணவ குரு சங்கரதேவரின் மருமகன் ஹரி கொல்லப்பட்டார். சீடர் மாதவதேவர் சிறையில் கிடந்து மீண்டார். 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்த இதற்குப் பிறகுதான் சங்கரதேவர் (1449–1568) அஹோம் நாட்டைத் துறந்து, மேற்கே கோச் அரசன் நரநாராயணனின் எல்லைக்குள் போய்க் குடியேறினார். வைணவ அடியார்களின் குருசரிதங்கள் இதை ஆறாத மனத்தோடு சொல்கின்றன. அரண்மனை வரலாறுகளான புரஞ்சிகளிலோ சங்கரதேவருக்குக் கிடைத்த இடமே சொற்பம்.

அசாமியர் யார் என்று இன்று எவர் பேச வந்தாலும் இந்த இரண்டு வகை ஏடுகளில் ஒன்றையாவது தொடாமல் முடியாது. அஹோம் அரசை நிறுவிய சுகாபாவையும் சங்கரதேவரையும் ஒரே மூச்சில் சொல்லி, இருவரும் சேர்ந்து ஒரு சமூகத்தைக் கட்டினார்கள் என்று மேடையில் முடித்துவிடுவது வழக்கம். ஏடுகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சாட்சிகள் அவை.

1228-இல் பட்காய் மலையைத் தாண்டி பிரம்மபுத்திரா சமவெளிக்கு வந்த சுகாபாவின் ஆட்கள் தாய் (Tai) மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். நடந்ததை எழுதிவைக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். முதலில் தாய்-அஹோம் மொழியில் எழுதப்பட்ட புரஞ்சி, பிறகு அசாமிய மொழிக்கு மாறியது. வென்றவர்கள் தோற்றவர்களின் பேச்சை ஏற்றுக்கொண்ட கதைக்கு அந்த மாற்றமே சான்று. யார் அரியணை ஏறினார், எந்தப் பதவி எவருக்குப் போனது, முகலாயத் தூதன் என்ன சொன்னான், அதற்கு என்ன பதில் போனது: இவைதான் அதன் அக்கறை. நடை வறண்டது, ஆனால் திடமானது. அந்த வகையில் எனக்குப் பிடித்தது 1724-ஆம் ஆண்டின் திரிபுரா புரஞ்சி. அஹோம் அரசன் ருத்ரசிங்கன் திரிபுராவுக்கு அனுப்பிய தூதர்கள் ரத்னகந்தலி, அர்ஜுன்தாஸ் இருவரும் எழுதியது. போன வழி, அந்நாட்டு அரசவை, அங்குள்ள பழக்கவழக்கம் என்று கண்ணால் கண்டதைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். தெய்வங்களைத் துணைக்கு அழைப்பதில்லை.

அதிகாரத்துக்கு அருகில் இருந்த ஏட்டுக்கு அதற்குரிய ஆபத்தும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில், ராஜேஸ்வரசிங்கன் காலத்தில், ஒரு புரஞ்சி பெரிய அமைச்சர் கீர்த்திசந்திர பர்பருவாவின் குலத்தைத் தாழ்த்திச் சொன்னது. நாட்டிலிருந்த புரஞ்சிகளையெல்லாம் வரவழைத்துச் சோதித்தார்கள். பல தீக்கிரையாயின.

குருசரிதங்களின் பிறப்பு வேறு. சங்கரதேவர், மாதவதேவர் இருவரும் மறைந்தபின், சத்ரா எனப்படும் வைணவ மடங்களில் அடியார்கள் கூடி குருமாரின் வாழ்க்கையை வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த கதைகள் இவை. ராம்சரண் தாகூர், தைத்யாரி தாகூர் ஆகியோர் பெயரில் செய்யுளாக இருப்பவை உண்டு. உரைநடையில் உள்ள கதா குருசரிதத்தை உபேந்திரசந்திர லேகாரு 1952-இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆண்டுக் கணக்கு கேட்டால் இவை கைவிரித்துவிடும். அற்புதங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வீடும் சந்தையும் படகுத்துறையும் தறியும் பேச்சுமொழியும் இங்கேதான் இருக்கின்றன. பாக்கு வெற்றிலை வியாபாரம் செய்த மாதவதேவர், நோயுற்ற தாய்க்காக அம்மனுக்கு வெள்ளாட்டுக் கடா நேர்ந்துகொண்டு, அதை விடமாட்டேன் என்று சங்கரதேவரிடம் மணிக்கணக்கில் வாதாடித் தோற்கும் காட்சிக்கு ஈடாக எந்தப் புரஞ்சியிலும் ஒன்று இல்லை. காரோ இனத்து கோவிந்தன், முஸ்லிமான சாந்த்சாய் போன்றவர்கள் அடியார் வரிசையில் இடம்பெறுவதும் இந்த மரபில்தான். எழுதுபொருள் மட்டும் இரு தரப்புக்கும் பொது: அகில் மரப்பட்டையைப் பதப்படுத்திய சாஞ்சி ஏடும், கடுக்காய் சேர்த்த மையும்.

அரசுக்கும் சத்ராக்களுக்கும் இடையே மூண்ட பகைக்கு வெறும் சமயக் காரணம் சொன்னால் போதாது. அஹோம் அரசு பைக் முறையில் ஓடியது. ஆண்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முறைவைத்து ஒருவரை அரசு வேலைக்கு இழுத்தார்கள். அணை கட்டுவது முதல் போர்வரை எல்லாம் அந்த உழைப்பில்தான். சத்ராவின் அடியாராகி விலக்குப் பெற்றவர்கள் கூடக் கூட, அரசுக்கு ஆள் குறைந்தது. அரசன் ஜயத்வஜசிங்கன் தீட்சை பெற்று மாஜுலியில் ஆவுனியாட்டி சத்ராவை நிறுவினான் என்பதும் உண்மை. அடுத்த தலைமுறைக்குள் கதாதரசிங்கன் சத்ராக்களை வேட்டையாடினான் என்பதும் உண்மை. பிறகு அரசி புலேஸ்வரி, துர்கா பூசையில் பலிரத்தத்தை வைணவ மடத் தலைவர்களின் நெற்றியில் பூசவைத்தாள். மாயாமரா சத்ராவின் அடியார்கள் அதை மறக்கவில்லை.

அந்தக் கோபம் 1769-இல் வெடித்தது. இம்முறையும் யானைதான் சாக்கு. யானை கொண்டுவந்த, மாயாமரா அடியார்களான மோரான் இனத் தலைவர்களை, புரஞ்சிகளை எரித்த அதே கீர்த்திசந்திரர் இழிவுபடுத்தித் தண்டித்தார். கிளர்ச்சிக்காரர்கள் தலைநகர் ரங்பூரைப் பிடித்து, ரமாகாந்தனை அரியணையில் ஏற்றினார்கள். சில மாதங்களில் ஆட்சி பறிபோனாலும் 1805வரை கலகம் ஓயவில்லை. அந்த ஓட்டை வழியாக பர்மியப் படையும், 1826-இல் ஆங்கிலேயரும் வந்தார்கள். கிளர்ச்சித் தலைவன் ராகவ் மோரானை இன்று மாவீரனாகக் கொண்டாடுகிறவர்கள், அவன் செய்தவற்றை அறிய அவனை எதிர்த்த அரசவையின் புரஞ்சிகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு வகை ஏடுகளையும் ஒன்றாகத் தைத்தது அச்சு இயந்திரம் என்பது என் எண்ணம். 1836-இல் நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கும் வங்காளம் மொழியானது. அசாமிய மொழி திரும்பிவர 1873 ஆயிற்று. 1836-க்கும் முன்பே, 1829-இல், ஹலிராம் தேகியால் புகன் தம் நாட்டு வரலாற்றை வங்காளத்தில்தான் எழுதினார். அவர் மகன் ஆனந்தராம் 1855-இல் அசாமியம் தனிமொழி என்று வாதாட, அதற்குத் தனி இலக்கியம் உண்டென்று காட்ட வேண்டியிருந்தது. அப்போது அரண்மனை ஏடா, அடியார் ஏடா என்று பார்க்க யாருக்கும் வசதியில்லை. சிவசாகரில் பாதிரிமாரின் அச்சகம் காசிநாத் தாமுலி புகனின் புரஞ்சியை 1844-இல் வெளியிட்டது. ஆவுனியாட்டி சத்ராவே அச்சகம் வைத்து 1871-இல் அசாம் விலாசினி இதழைத் தொடங்கியது. பிறகு லக்ஷ்மிநாத் பெஸ்பருவா சங்கரதேவர் வாழ்க்கையை நவீன உரைநடையில் எழுதினார், சூர்யகுமார் பூயான் புரஞ்சிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்தார். 1671 சராய்காட் போரின் அஹோம் தளபதி லச்சித் பர்புகனும், வைணவத் தொழுகைக் கூடமான நாம்கரின் கீர்த்தனமும் ஒரே பெருமையின் பகுதிகளானது இந்த வழியில்தான்.

அந்தத் தையலுக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. 1839-இல் அசாம் கம்பெனி தோன்றியபின், சோட்டாநாக்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் கதை புரஞ்சியிலும் இல்லை, குருசரிதத்திலும் இல்லை. அதை எழுதப் போகிறவர் தோட்டத்துப் பேரேடுகளையும் ஜுமுர் பாட்டுகளையும் தேடிப் போக வேண்டும்.