பாதித் தலையின் சரித்திரம்

எங்கள் ராஜபாளையம் வீட்டில் அதைப் ‘பித்தத் தலைவலி’ என்பார்கள். வாந்தி எடுத்தபின் கொஞ்சம் தேவலையாவதால் வந்த பெயர். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு அது ‘ஒத்தத் தலவலி’. வைத்தியம் மட்டும் ஒன்றுதான்: சுக்கை இழைத்து நெற்றியில் பத்து, நொச்சி இலை போட்டு வேது.

பெயர்கள் பழையவை. சுஸ்ருத சம்ஹிதை தலைநோய்களைப் பதினொன்றாகப் பிரிக்கிறது. அதில் ‘அர்த்தாவபேதகம்’ என்பது பாதித் தலையைப் பிளக்கும் வலி. பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை திரும்பி வரும். இரண்டாம் நூற்றாண்டில் காலன் எழுதிய ‘ஹெமிக்ரேனியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் பாதி மண்டை என்றே பொருள். அது பிரெஞ்சு வாயில் தேய்ந்து ‘மைக்ரேன்’ ஆயிற்று. நோயை அடையாளம் காண்பதில் முன்னோர் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நோயாளியை நம்புவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

எங்கள் சித்தி ஒரு சின்ன நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. வலி வந்தால் கதவைச் சாத்தி இருட்டில் படுத்துக்கொள்வார். “சோத்துப் பானைய இறக்குற சத்தங்கூட மண்டைக்குள்ள இடிக்குதுடா” என்பார். வீட்டில் மற்றவர்கள், “வேலைன்னா மட்டும் இவளுக்குத் தலைவலி வந்துருது” என்பார்கள். தூக்கம் மாறுவதும், வேளைக்குச் சாப்பிடாததும், மாதவிலக்கை ஒட்டி ஹார்மோன் இறங்குவதும் மைக்ரேனைக் கிளப்பும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம்.

சித்தியின் தலையணைக்கடியில் எப்போதும் ஒரு மஞ்சள் தைலம் இருக்கும். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம், 1914இல் சென்னைக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் அவர் ‘ஆந்திர பத்திரிகா’ நடத்தினார். தைலத்தில் உள்ள மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி வலியிலிருந்து கவனத்தைத் திருப்பும். அது கொடுப்பது சிறிது நேர ஆறுதல்.

அறிவியலும் வெகுகாலம் வேறு திசையில் தேடியது. 1938இல் நியூயார்க்கில் கிரஹாமும் உல்ஃபும் எர்கோட்டமின் ஊசி போட்டு, நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் துடிப்பு குறையக் குறைய வலியும் குறைவதை அளந்து காட்டினார்கள். ரத்தக்குழாய் விரிவதே காரணம் என்று அரை நூற்றாண்டு நம்பினோம். 1990இல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் வலி உச்சத்தில் இருக்கும்போது சிஜிஆர்பி என்ற புரதம் ரத்தத்தில் கூடுவதைக் கண்டார்கள். அது முகத்துக்கும் தலைக்கும் போகும் முக்கிளை நரம்பிலிருந்து சுரப்பது. ஆக, இது மூளையும் நரம்பும் சேர்ந்த நோய். 1991இல் சுமாட்ரிப்டான் விற்பனைக்கு வந்தது. சிஜிஆர்பியின் வேலையைத் தடுக்கும் முதல் ஊசிமருந்துக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தது. நெஞ்சுவலி மருந்தான புரோப்ரனலால் மைக்ரேனையும் தடுப்பது 1966இல் தற்செயலாகத் தெரியவந்தது. இன்றும் மலிவான தடுப்பு மருந்துகளில் அது ஒன்று. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது என்பதால் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

சித்திக்கு இவை எதுவும் எட்டவில்லை. எட்டியது பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைத்த காஃபீன் கலந்த மாத்திரை. முதலில் மாதம் இரண்டு, பிறகு நாளுக்கொன்று. இப்படிப்பட்ட கலவை மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சித்திக்கு வலியில்லாத நாளே இல்லாமல் போனது அப்படித்தான். மதுரையில் ஒரு மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தி, தடுப்பு மருந்து எழுதியபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது.

திடீரென்று இடிபோல இறங்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் என்றால் தைலம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மற்றவர்களுக்கு முதல் வைத்தியம் பக்கத்துச் சிவகாசியில் அச்சாகிற காலண்டரே போதும். வலி வந்த நாள், மாத்திரை போட்ட நாள், தூங்காத இரவு, சாப்பிடாத வேளை எல்லாவற்றையும் அதில் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டலாம். வீட்டில் இருக்கிறவர்களும் அதை ஒருமுறை பார்ப்பது நல்லது.