நியூயோர்க்குச் சுங்கமும் கட்சிப் பணமும்

வருமான வரி வேரூன்றாத காலத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய அரசாங்கம் பெரும்பாலும் இறக்குமதித் தீர்வையையே நம்பி வாழ்ந்தது. அத்தீர்வையின் பெரும்பங்கு நியூயோர்க்குத் துறைமுகத்திலேயே அறவிடப்பட்டது. ஆகையால், அங்கிருந்த சுங்கக் கந்தோர் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஊழியமளித்த பெருநிலையமாய் விளங்கிற்று. 1870ஆம் ஆண்டுகளில் அங்கு இலிகிதராய் அமர்வதற்குத் தகுதியினும் கட்சிக்காரரின் சிபாரிசே துணை செய்தது. குடியரசுக் கட்சியின் செனற்றர் றோஸ்கோ கொங்லிங் என்பாரின் செல்வாக்கு அங்கே கொடிகட்டிப் பறந்தது.

சிபாரிசினால் வந்த வேலைக்கு ஒரு விலையும் இருந்தது. தேர்தல் நெருங்கியதும் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் தம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குச் செலுத்தவேண்டும். 1882ஆம் ஆண்டிலே காங்கிரஸ் அங்கத்தவரான ஜே ஹபெல் என்பவர் நாடெங்குமுள்ள அரசாங்க ஊழியருக்கு அனுப்பிய சுற்றுநிருபம் நூற்றுக்கு 2 வீதம் கேட்டது. அதனைச் 'சுயவிருப்பக் கொடை' என்று அது அழைத்தது. வேலையைத் தந்தவரே வேலையைப் பறிக்கவும் வல்லவராய் இருக்கையில், விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளேது? சிற்றூழியருங்கூட இதற்குத் தப்பவில்லை.

இவ்வழக்கத்தை ஒழிக்க ஜனாதிபதி ஹேய்ஸ் முயன்றார். 1877இல் அவர் கட்டளை பிறப்பித்தார். சுங்க அதிபரையும் மாற்ற எண்ணினார். கொங்லிங்கின் சொற்கேட்ட செனற் சபை அவ்வாண்டு அதற்கு இணங்க மறுத்தது. 1878 யூலையில், சபை கலைந்திருந்த வேளை பார்த்து, ஹேய்ஸ் அவ்வதிபரைப் பதவியினின்றும் நீக்கினார். நீக்கப்பட்டவர் பெயர் செஸ்ரர் ஆதர்.

விதியின் போக்கு விந்தையானது. ஈராண்டின் பின் அதே ஆதர் உப ஜனாதிபதியாகத் தெரிவானார். 1881 யூலை 2ஆம் தேதி, உத்தியோகம் வேண்டி அலைந்து ஏமாந்த சாள்ஸ் கிற்றோ என்பவன் ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டான். செப்ரெம்பரில் அவர் உயிர் நீத்தார். கட்சிப் பணத்தால் வளர்ந்த சுங்கக் கந்தோரின் பழைய அதிபர் நாட்டின் தலைவரானார்!

ஆனால், அரசாங்க சேவைச் சீர்திருத்தத்துக்கென செனற்றர் பெண்டில்ற்றன் கொணர்ந்த மசோதாவில் 1883 சனவரி 16ஆம் தேதி கையொப்பமிட்டவர் அந்த ஆதரே. கட்சிக்குப் பணம் கொடுக்க மறுத்த அரசாங்க ஊழியரை அதற்காக நீக்கலாகாது. அரசாங்க அலுவல் நடக்கும் கட்டிடத்தினுள் அத்தகைய பணம் கேட்கவும் ஆகாது என்று அச்சட்டம் விதித்தது. காங்கிரஸ் இதனை அறத்தின்பாற் பற்றினால் மட்டும் நிறைவேற்றவில்லை. 1882 தேர்தலில் தோல்வி கண்ட குடியரசுக் கட்சியினர், தாம் நியமித்தவர்களை எதிர்க்கட்சியினர் நீக்காதபடி காக்கவும் விரும்பினர். போட்டிப் பரீட்சை விதியும் தொடக்கத்திற் பத்திலொரு பங்கு பதவிகளையே தழுவியது.

ஊழியரின் பை மெல்ல மூடவே, கட்சிகள் வேறு வாயில்களைத் தட்டின. 1896இல் மார்க் ஹன்னா என்பவர் மக்கின்லியின் தேர்தலுக்காக வங்கிகளிடமும் கம்பெனிகளிடமும் அளவு வகுத்துப் பணம் திரட்டினார். கம்பெனிகள் அவ்வாறு கொடுப்பதை 1907ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுத்தது.

பழைய வழக்கமும் எளிதில் மாயவில்லை. ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில், வெளியாள் ஒருவர் தபாற் கந்தோர் ஊழியருக்குக் கடிதமூலம் கட்சிப் பணம் கேட்டார். தாம் அக்கட்டிடத்தினுள் அடியெடுத்து வைக்கவே இல்லை என்பது அவர் தரப்பு வாதம். கடிதம் ஊழியரின் கையைச் சேர்ந்த இடத்திலேயே கேட்டலும் நிகழ்ந்தது என்று 1908இல் உச்ச நீதிமன்றத்து நீதியரசர் ஹோம்ஸ் தீர்ப்பளித்தார்.