யாருக்குக் கொடுத்த விலை?



நாம் குருவாகி இரண்டு ஆண்டுகூட நிறையாத நேரம். உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில் பெரிய வெள்ளி மறையுரை நம்மிடம் வந்தது. இளம் வயது, குரல் வளம் இருந்தது, மக்களை அழவைக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. உலகத்தின் பாவங்கள்மேல் தந்தையாம் கடவுளுக்கு இருந்த கோபமெல்லாம் ஒன்றுதிரண்டு மகன்மேல் இறங்கியது, அவர் அடிபட்டதால் நாம் தப்பினோம் என்று முழங்கினோம். மக்கள் அழுதார்கள். வழிபாடு முடிந்து திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கோயிலின் பின்னறை வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். அந்த ஆண்டுதான் மகனைப் பறிகொடுத்தவர். "பெத்த பிள்ளைய அடிச்சாத்தான் அவருக்குக் கோவம் ஆறுமா சாமி?" என்று கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. அவரும் காத்திருக்கவில்லை.

அன்று இரவு குருமட நாட்களின் பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தேர்வுக்காகப் படித்ததெல்லாம் வேறு முகத்தோடு தெரிந்தது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு வெற்றிடம். இயேசு யார் என்ற கேள்விக்குத் திருச்சபை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துப் பதில் சொன்னது. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய பொதுச்சங்கங்கள் தந்த நம்பிக்கை அறிக்கையைத்தான் இன்றும் திருப்பலியில் சொல்கிறோம். அதில் சிலுவையைப் பற்றி இருப்பதோ, அவர் நமக்காக அறையப்பட்டார் என்பது மட்டுமே. அந்தச் சாவு நம்மை எப்படி மீட்டது என்பதற்கு அங்கே விளக்கம் இல்லை. பின்னால் வந்த சங்கங்களும் ஒரே ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடவில்லை. ஆகவே திருச்சபையின் பேரறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சில நேரம் சண்டையும் போட்டிருக்கிறார்கள்.

பழைய காலத்தில் கையில் இருந்த சொல் 'ஈடு'. பலருடைய மீட்புக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுக்க வந்ததாக ஆண்டவரே கூறியதை மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். அடிமைச் சந்தையைத் தினமும் பார்த்த மக்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பணம் கொடுத்தால் பிடிபட்டவன் வீடு திரும்புவான். ஆனால் உவமையை விடாமல் துரத்தினால் ஒரு கேள்வி வந்து நிற்கும். விலையை வாங்கிக்கொண்டது யார்? மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் இதை நேராகக் கேட்டார். மனிதரை அடிமையாக வைத்திருந்தது அலகை. ஆகவே விலையும் அலகைக்கே போனது என்றார். நீசா நகர் ஆயரான புனித கிரகோரி ஒரு படி மேலே போய்த் தூண்டிலைக் கொண்டுவந்தார். இயேசுவின் மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த இறைத்தன்மை முள். இரைக்கு ஆசைப்பட்ட அலகை முள்ளையும் விழுங்கி மாட்டிக்கொண்டது. புனித அகுஸ்தீனாரோ சிலுவையை எலிப்பொறி என்றே சொல்லிவிட்டார். கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதைகளில் கடவுள் யார்மேலும் கோபப்படவில்லை. தம் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருப்பவனோடு போராடுகிறார்.

அதே காலத்தில், அதே நட்பு வட்டத்துக்குள்ளிருந்தே ஒருவர் மறுத்துப் பேசினார். அவர் நசியான்சு நகர் புனித கிரகோரி. நீசா கிரகோரியின் அண்ணன் புனித பசிலியாரின் உயிர் நண்பர். 381இல் நடந்த சங்கத்துக்குச் சில காலம் தலைமை தாங்கி, பூசல்களால் வெறுத்து, பதவியைத் துறந்து ஊர் திரும்பியவர். அவருடைய பாஸ்கா மறையுரை ஒன்றில் இதே கேள்வி வருகிறது. விலை அலகைக்குக் கொடுக்கப்பட்டதா? திருடனுக்குக் கூலியாகக் கடவுளையே கொடுப்பதா, என்ன வெட்கக்கேடு என்று கொதிக்கிறார். சரி, தந்தைக்குக் கொடுக்கப்பட்டதா? அவர் நம்மை அடிமையாக வைத்திருக்கவில்லையே, அவருக்கு எதற்கு விலை என்று கேட்கிறார். அதோடு விடவில்லை. ஆபிரகாம் ஈசாக்கைக் கொண்டுபோனபோது அந்தப் பிள்ளையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஆட்டுக்கிடாயை மாற்றிக் கொடுத்தவர், தம் ஒரே மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்கிறார். தந்தை அந்தப் பலியை ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் அவர் கேட்டதாலோ, அவருக்குத் தேவைப்பட்டதாலோ அல்ல. கடவுளின் மனிதத்தன்மையால் நம் மனிதத்தன்மை தூய்மைபெற வேண்டியிருந்ததால் என்று முடிக்கிறார். குருமடத்தில் இந்தப் பகுதிக்கு நாம் அடிக்கோடுகூடப் போட்டிருக்கவில்லை.

எழுநூறு ஆண்டு கழித்துப் புனித ஆன்செல்ம் வருகிறார். வட இத்தாலியின் ஆவோஸ்தாவில் 1033இல் பிறந்து, நார்மண்டியில் பெக் மடத்துத் தலைவராகி, 1093இல் கான்டர்பரி பேராயரானவர். அரசர் இரண்டாம் வில்லியமோடு மோதி நாட்டைவிட்டு வெளியேறினார். காப்புவா நகரருகே ஒரு மலைக்கிராமத்தில் தங்கியிருந்தபோது, 1098இல், 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலை எழுதி முடித்தார். போசோ என்ற துறவி கேள்வி கேட்க, இவர் பதில் சொல்வதுபோல் அமைந்த நூல். அலகைக்கு நம்மேல் எந்த உரிமையும் இல்லை என்று பழைய பேரத்தை முதலிலேயே தள்ளிவிட்டார். பாவம் என்பது கடவுளுக்குரிய மாண்பைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது; அது ஒரு கடன். கடன்பட்டவர் மனிதர், அடைக்கக்கூடியவரோ கடவுள் மட்டுமே. ஆகவே இரண்டுமாக இருக்கும் ஒருவர் வரவேண்டியிருந்தது.

இந்த நூலைப் பற்றி நமக்குள் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. தந்தை தண்டித்தார், மகன் வாங்கிக்கொண்டார் என்பது ஆன்செல்மின் போதனை என்று பலர் நினைக்கிறார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அவர் சொன்னதோ, ஒன்று பரிகாரம் நடக்க வேண்டும், அல்லது தண்டனை வர வேண்டும் என்பதே. பரிகாரம் நடந்துவிட்டால் தண்டனைக்கு இடமே இல்லை. மகன் தண்டனையைச் சுமக்கவில்லை. கடன்படாதவர் மனமுவந்து கொடுத்தார், அவ்வளவுதான். ஆனாலும் மானம், கடன், ஈடு என்று பிரபுக்களின் சபையில் பேசுவதுபோன்ற அந்தக் கணக்கு நம் நெஞ்சைத் தொடுவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தலைமுறையில் பீட்டர் அபேலார்டுக்கும் அது ஒட்டவில்லை. குற்றமற்ற ஒருவருடைய இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா என்று உரோமையர் திருமுக விளக்கவுரையில் எழுதினார். அந்தத் தாய் கேட்டதும் ஏறக்குறைய அதுதானே! சிலுவையில் தெரியும் அன்பு நம் உள்ளத்தில் அன்பை மூட்டி நம்மை விடுவிக்கிறது என்பது அவருடைய விளக்கம். அப்படியானால் சிலுவை வெறும் முன்மாதிரிதானா என்று புனித பெர்நார்து சீறினார். சான்ஸ் நகரச் சங்கம் அபேலார்டின் கருத்துகள் பலவற்றைக் கண்டித்தது. க்ளூனி மடத்துத் தலைவர் பீட்டர் அவருக்கு இடம் கொடுத்து, பெர்நார்தோடு ஒப்புரவாக்கியும் வைத்தார். 1142இல் அபேலார்டு இறந்தார்.

புனித தாமஸ் அக்குவினாஸ் இவர்களுக்கெல்லாம் பின்னால் வந்தவர். பரிகாரம், பலி, மீட்பு விலை எனப் பல சொற்களையும் பக்கம்பக்கமாக வைத்துக்கொண்டார். கடவுள் விரும்பியிருந்தால் எந்தப் பரிகாரமும் கேட்காமல் மன்னித்திருக்கலாம், அதில் அநீதி எதுவுமில்லை என்று தெளிவாகச் சொன்னார். துன்பத்தின் அளவைவிட, அதைத் தாங்கிய அன்பின் அளவே தந்தைக்கு உகந்ததாயிற்று என்பது அவர் கருத்து.

அப்படியானால் நம் பெரிய வெள்ளி மறையுரை எங்கிருந்து வந்தது? சட்டம் படித்த கால்வின் பதினாறாம் நூற்றாண்டில் நீதிமன்றத்தின் மொழியில் இதை விளக்கினார்: நமக்குரிய தீர்ப்பு அவர்மேல் விழுந்தது என்று. நம் பிரிந்த சகோதரர் பலர் இதை ஆழ்ந்த பக்தியோடு பற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஏளனம் செய்யலாகாது. ஆனால் தந்தை ஒருபோதும் தம் மகன்மேல் பகையோ சினமோ கொள்ளவில்லை என்று கால்வினே எழுதி வைத்திருக்கிறார். கத்தோலிக்க மேடையில் நின்ற நாம் கால்வினையும் தாண்டிப் போயிருந்தோம்! பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன ஜோசப் ராட்சிங்கர், 1968இல் பேராசிரியராக இருந்தபோது எழுதிய நூலில், இப்படிப்பட்ட பேச்சு கடவுளின் முகத்தையே பயங்கரமாக்கிவிடுகிறது என்று எச்சரித்தார். மனிதர் கடவுளைச் சாந்தப்படுத்துவதாக அல்ல, கடவுளே மனிதரைத் தேடி இறங்கி வருவதாகத்தான் விவிலியம் சிலுவையைக் காட்டுகிறது என்றார்.

சில வாரங்கள் கழித்து அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். மறையுரையில் தவறாகச் சொல்லிவிட்டோம் அம்மா என்று ஒத்துக்கொண்டு, நசியான்சு கிரகோரியார் கேட்ட கேள்விகளை நம் பேச்சுமொழியில் சொன்னோம். ஈசாக்கு கதை வந்ததும் குறுக்கே பேசினார். "தெரியும் சாமி. அந்தப் புள்ளைக்கு ஆடு கெடைச்சிது. இவருக்குக் கெடைக்கலையே."

நாம் கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு, மோரியா மலையில் ஆட்டைக் கொடுத்தவரும் கடவுள்தான், கல்வாரியில் கொடுத்தவரும் அவர்தான். அங்கே வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி அவர் நிற்கவில்லை, தம்மையே கொடுத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னோம். "அப்ப அவருக்கும் வலிச்சிருக்கும்" என்றார். தந்தைக்கு வலிக்குமா என்பது குருமடத்தில் ஒரு பருவம் முழுவதும் விவாதித்த கேள்வி. அந்தத் திண்ணையில் நாம் அதை எடுக்கவில்லை. எழுந்து உள்ளே போனவர், மகன் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து, மாலைத் திருப்பலியில் வாசிக்கச் சொல்லிக் கையில் கொடுத்தார்.