எழுத்து யாருடைமை?

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை வகுத்தவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, மலாயாவுக்குச் சென்று சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா என்பதை நம் மாணவருள் அறிந்தோர் மிகச் சிலரே. 247 எழுத்துக்களைச் சில பத்து விசைகளுள் அடக்குதல் எளிய காரியம் அன்று. புள்ளி முதலிய குறிகளை அடிக்கும்போது தாள் நகராது நிற்கவும், அடுத்து வரும் எழுத்து அக்குறியோடு வந்து பொருந்தவும் 'நகரா விசை' என்னும் உபாயத்தை அவர் கையாண்டார். பொறியை வார்த்தது ஜெர்மானியத் தொழிற்சாலை. அதன் ஒழுங்கை வகுத்ததோ தமிழெழுத்தின் இயல்பறிந்த ஒருவரின் அறிவு. எழுத்துக்கு ஏற்பப் பொறி வளைந்தது.

கணினி வந்த காலத்தில் இவ்வுறவு தலைகீழாயிற்று. இன்று புளியங்கூடலிலோ நாரந்தனையிலோ உள்ள மாணவன் ஒருவன், பத்தாண்டுகளுக்கு முன் தட்டச்சான கோவில் மலரொன்றின் கோப்பைத் தன் கைத்தொலைபேசியில் திறப்பானாயின், அவன் காண்பது பெரும்பாலும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலையே. 'தமிழ்' என்னும் சொல் நிற்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அவன் அதனை அழித்தும் விடுவான். இக்குழப்பத்தை அவனது அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இலாபக் கணக்கு ஒன்றும் உண்டு.

1980களில் கணினி உற்பத்தியும் அதன் மென்பொருளும் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் சிலவற்றின் கைகளில் இருந்தன. தமிழ் அவற்றின் கண்ணுக்கு ஒரு சந்தையாகத் தோன்றவில்லை. ஆகவே அப்பணியை மேற்கொண்டவர்கள் பெரும்பாலும் தனிமனிதரே. கனடாவில் கு. சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செயலியையும், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவையும் ஆக்கினர். சிங்கப்பூரில் ஆசிரியரும் சிறுகதை ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார்.

இவ்வெழுத்துருக்கள் பலவற்றின் அடிப்படை ஒரு தந்திரமே. கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை இவர்கள் வைத்தனர். திரையில் தெரிவது தமிழ். கணினியோ தான் ஆங்கிலத்தையே காட்டுவதாக எண்ணிக்கொண்டிருக்கும். வீட்டில் இடம் மறுக்கப்பட்டவன் பிறன் பெயரில் குடிபுகுந்தது போன்றது இது. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் வேடம் கலைந்துவிடும்.

ஈழத்தவரிடையே இவ்வகையில் பெரிதும் பரவியது 'பாமினி' எழுத்துருவாகும். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கைகள் ஊர்களை வெறுமையாக்கின. புளியங்கூடலாரும் சரவணையாரும் சுருவிலாரும் குடாநாட்டிற்கும் வன்னிக்கும், அதற்கும் அப்பால் பாரிஸ், இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களுக்கும் சிதறினர். சிதறிய ஊரார் தம் ஊரை எழுத்திலேனும் ஒன்றுகூட்ட முயன்றனர். கும்பாபிஷேக மலர்களும் பாடசாலை விழா மலர்களும் நினைவு மலர்களும் ஏராளமாகத் தோன்றிய காலம் அது. தொழிற்சாலையிலும் உணவகத்திலும் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் அமர்ந்து பாமினியில் தட்டச்சு செய்தவை அவை. எவர் எந்தக் குறிச்சியில் வாழ்ந்தார், எந்தக் கிணறு நன்னீர் தந்தது, எந்த ஆசிரியர் எத்தனை ஆண்டு படிப்பித்தார் என்பனவெல்லாம் அவற்றிலன்றி வேறெங்கும் எழுதப்படாதவை. உழைக்கும் மக்களின் வரலாறு அரசாங்கச் சுவடிகளில் இருப்பதில்லை. இத்தகைய மலர்களிலேயே இருக்கின்றது.

ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறையை வைத்துக்கொண்டமையால் குழப்பம் பெருகிற்று. ஒரு நாளிதழைப் படிக்க ஓர் எழுத்துரு, மற்றொன்றைப் படிக்க வேறோர் எழுத்துரு. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பெப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு தாம், தாப் என இரண்டு குறிமுறைகளை அறிவித்தது. இணையத்தில் கூடிய தமிழரோ திஸ்கி என வேறொன்றை வகுத்தனர். ஒற்றுமை நாடிக் கூடிய நாம் மூன்று வழிகளோடு கலைந்தோம். பழியனைத்தையும் அயலார்மீது சுமத்துவது நேர்மையாகாது.

இதற்கிடையே, 1991இல் அமெரிக்கக் கணினி நிறுவனங்கள் கூடி யூனிக்கோட் அமைப்பை நிறுவின. உலக எழுத்துக்கள் அனைத்திற்கும் தனித்தனி இடம் தருவது அதன் நோக்கம், அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் தமிழுக்குரிய இடங்களை அது தமிழரைக் கேட்டு வகுக்கவில்லை. வடஇந்திய எழுத்துக்களை முதன்மையாகக் கொண்டு இந்தியாவில் 1988இல் அமைந்த குறிமுறையையே பின்பற்றிற்று. அதன் விளைவை ஆரம்ப வகுப்பு மாணவனும் காணலாம். நாம் படிப்பிக்கும் நெடுங்கணக்கில் மெய்வரிசையின் இறுதியில் ழ, ள, ற, ன நிற்கின்றன. யூனிக்கோடிலோ 'ந'வை அடுத்து 'ன' வருகிறது. 'ர'வை அடுத்து 'ற' வருகிறது. 'ல, ள, ழ' முடிந்தபின்பே 'வ' வருகிறது. தேவநாகரியின் ஒழுங்கில் நம் எழுத்துக்கள் நிறுத்தப்பட்டன. அகரவரிசைப்படுத்த வேண்டுமாயின் தனி விதியொன்று எழுதியாக வேண்டும். ஒருமுறை தந்த இடத்தை மாற்றுவதில்லை என்பது அவ்வமைப்பின் கொள்கையாதலால், இது திருத்த முடியாததாயிற்று.

இடம் கிடைத்தபின்பும் பயன் உடனே வரவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 2000இலேயே யூனிக்கோட் தமிழ் முதன்முதலாக இடம்பெற்றது. நம் அச்சகங்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கர் மென்பொருளை 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அடோபி நிறுவனம் வளர்க்காது விட்டது. அதற்கு மாற்றாகக் காட்டிய இன்டிசைன் மென்பொருளில் தமிழுக்கு முறையான ஆதரவு 2012இல்தான் வந்தது. அடுத்த ஆண்டே, மென்பொருளை விலைக்கு விற்பதை விடுத்துச் சந்தாவுக்கு மட்டும் தரும் முறைக்கு அந்நிறுவனம் மாறியது. ஒரு சிற்றூர் அச்சகம் என் செய்யும்? பழைய கணினியையும் பழைய பாமினியையும் கட்டிக்கொண்டு அழுதது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10இற்கு 2025 ஒக்டோபரிலும் ஆதரவு நிறுத்தப்பட்டபோது, பழுதில்லாத கணினிகள் பல பழையன எனத் தள்ளப்பட்டன. பொறி தேயவில்லை, அதை ஆக்கியவனின் அக்கறை தேய்ந்தது. வாங்கியவன் உண்மையில் உடைமையாளன் அல்லன், குடிக்கூலிக்காரனே என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இக்குறையை ஓரளவேனும் நிவர்த்தி செய்தவர்கள் யாவர்? மீண்டும் ஊதியம் நாடாத மக்களே. பாமினியை யூனிக்கோடாக மாற்றும் 'பொங்குதமிழ்' போன்ற கருவிகளும், 'எ-கலப்பை' என்னும் இலவச விசைச் செயலியும் அவ்வாறு வந்தவை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை எவரும் விலையின்றிப் பெறச் செய்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததை மறவாத சமூகத்திலிருந்து, 2005இல் 'நூலகம்' மின்னூலகம் எழுந்தது.

ஆகவே செய்யத்தக்கன தெளிவாகவே உள்ளன. இலங்கையில் தமிழ்க் குறிமுறைக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தேசியத் தரம் 2008 முதல் உண்டு. அது ஏட்டில் உறங்கலாகாது. அரசாங்க அலுவலகங்களும் பாடசாலைகளும் தம் சுற்றறிக்கைகளையும் வினாத்தாள்களையும் அதன்படியே ஆக்க வேண்டும். கட்டணமற்ற திறந்த மென்பொருளை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். பழைய கணினிகளுக்கும் அது உயிர் கொடுக்கும். ஊர்ச் சங்கங்கள் தம் மலர்களின் கோப்புக்களைத் தேடி எடுத்து, யூனிக்கோடாக மாற்றி, பொது மின்னூலகங்களிடம் ஒப்படைக்க வேண்டும். மூத்தோர் உயிருடன் இருக்கும்போதே இது நிகழ வேண்டும். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறதென்பதை அறிந்தோர் அவர்களே.

எழுத்து எந்த நிறுவனத்தின் சரக்கும் அன்று. அதனைப் பேணியவர்கள் மக்கள். அதன் உரிமையும் அவர்களுடையதே. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நம்முடையது.