சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்கு: தூரமும் நேரமும்

1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குச் சென்றனர். கற்றுத் திரும்பி, 1923இல் ஜெர்மன் இயந்திரங்களைக் கொண்டு ஊரிலேயே தீப்பெட்டி செய்யத் தொடங்கினர். வானம் பார்த்த அந்தக் கரிசல் சீமையில் தீப்பெட்டியும், பின்னர் பட்டாசும் பெருந்தொழில்களாக வளர அப்பயணமே வித்திட்டது. அது எவ்வளவு நீண்ட பயணம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

சிவகாசிக்கு ரயில் வந்தது 1927இல்தான். அதற்கு முன் சாத்தூருக்கோ, இன்று விருதுநகர் எனப்படும் விருதுப்பட்டிக்கோ சென்று ரயில் ஏற வேண்டும். சென்னை எழும்பூர் வரை மீட்டர் பாதை. பிறகு சென்ட்ரலில் அகலப் பாதை வண்டிக்கு மாற வேண்டும். ஹவுரா வரை மொத்தம் குறைந்தது 2,200 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகம் எனக் கொண்டால், ஓட்ட நேரம் மட்டுமே 55 மணி.

மதுரை விமான நிலையத்திலிருந்து கல்கத்தா விமான நிலையத்துக்கு நேர்த் தூரம் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். ரயில் பாதை ஊர்களையும் ஆற்றுப் பாலங்களையும் தேடி வளைந்து செல்கிறது; விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த சிறு விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர். அவ்வேகத்தில் மதுரையிலிருந்து கல்கத்தாவுக்குப் பறக்கும் நேரம் மட்டும் 11 மணிக்கு மேல். இடையிடையே இறங்கி எண்ணெய் நிரப்பும் நேரம் தனி.

தூரம் குறைந்தால்தான் நேரம் குறையும் என்பதில்லை. 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. சென்னை, பம்பாய், டில்லி, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டன. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு நேராகச் சென்றால் சுமார் 1,390 கிலோமீட்டர். நாகபுரி வழியே சுமார் 1,890. ஐந்நூறு கிலோமீட்டர் சுற்றிச் சென்றும், மாலையில் சென்னையில் விமானம் ஏறிய கடிதம் மறுநாள் காலையில் கல்கத்தாவை அடைந்தது. ஊர் உறங்கும் நேரத்தில் கடிதம் பயணம் செய்ததே காரணம்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் ஜெட் விமானத்துக்கு 1,800 கிலோமீட்டரைக் கடக்க இரண்டேகால் மணி போதும். சென்னையில் விமானம் மாறினாலும் தூரம் அநேகமாகக் கூடுவதில்லை. ஏனெனில் சென்னை அந்த நேர்க்கோட்டை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம் பறக்கும் நேரத்தையே மிஞ்சிவிடலாம்.

ஆக, பயண நேரத்தை நிர்ணயிப்பவை மூன்று: தூரம், வேகம், காத்திருப்பு. முதலாவதை யாராலும் மாற்ற இயலாது. இரண்டாவதை எந்திரம் மாற்றியது. மூன்றாவதோ மனிதர் வகுக்கும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

சிவகாசி வியாபாரி இன்று காலையில் புறப்பட்டு இரவுக்குள் கல்கத்தா சேரலாம். அவருடைய பட்டாசுக்கு அந்த வசதி இல்லை. வெடிபொருளாதலால் அதைப் பயணியின் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுசெல்லக் கூடாது. லாரியில் ஏறி, நாள்கணக்கில் சாலை வழியே போகிறது பட்டாசு.