விலங்குக்கேற்ற தோட்டா



கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்தை அறியாதவர் நம்மில் மிகச் சிலரே. பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த ரயில்வே குடும்பங்களுக்கு அது வீட்டு வாசலைப் போன்றது. குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட அக்கட்டடம் 1910ஆம் ஆண்டில் எழுந்தது. அதை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் ஆங்கிலேயர். அவருக்குத் தியோடர் ஹப்பக் என்று ஒரு தம்பி உண்டு. அண்ணன் கட்டடங்களால் பெயர் பெற்றார். தம்பியோ முதலில் வேட்டைத் துப்பாக்கியால் பெயர் பெற்றார். பின்னர் வேட்டைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று போராடி, அதைவிடப் பெரிய பெயர் பெற்றார். அந்த மாற்றம் ஏன் நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள, தோட்டாவின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

பள்ளி ஆசிரியருக்குத் தோட்டாவோடு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நான் கிள்ளான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில், மறுநடவு செய்த இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் இரவோடிரவாகத் தின்று தீர்த்தன. அவற்றைச் சுட வெளியிலிருந்து ஒருவர் வந்தார். இரவில் வெடிச்சத்தம் கேட்டது, பன்றி விழவில்லை. மூன்றாம் நாள் காலை குலை வெட்டப் போன என் சித்தப்பாவின் மீது, புதரில் படுத்துக் கிடந்த அந்தப் பன்றி பாய்ந்து தொடையைக் கிழித்துவிட்டது. பிறகு அதைக் கொன்று தோலை உரித்தபோது, தோலுக்கடியில் சிறுசிறு ஈய ரவைகள் கடுகைத் தூவியதுபோல் கிடந்தன. அவை பறவை சுடுவதற்கான ரவைகள். சித்தப்பா கடைசிவரை ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார். "பன்றி மேல எனக்குக் கோபம் இல்லடா தம்பி. அதைப் பாதியில விட்டுட்டுப் போனானே, அவன் மேலதான்" என்பார்.

விலங்குக்கேற்ற படைக்கலம் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. முயலுக்கு அம்பு என்றும் யானைக்கு வேல் என்றும் வள்ளுவரே படைச்செருக்கு அதிகாரத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார். துப்பாக்கி வந்த பிறகும் கேள்வி அதுவேதான், விடைதான் சிக்கலாயிற்று.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒன்று. வெளியே பித்தளைக் கூடு அல்லது அட்டைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் தொப்பி, உள்ளே வெடிமருந்து, முன்னே குண்டு. வேட்டைத் துப்பாக்கிகளும் பெரும்பாலும் இருவகைப்படும். ஷாட்கன் வழவழப்பான குழலுடையது. ஒரே நேரத்தில் பல ரவைகளைச் சிதறவிடும். ரைபிளின் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு. அவை ஒற்றைக் குண்டைச் சுழலச் செய்து நெடுந்தூரம் நேராக அனுப்பும்.

19ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் வேட்டைக்காரர் கையில் இருந்தது கரிய வெடிமருந்து. அது குண்டைத் தள்ளும் வேகம் குறைவு. ஆகவே பெரிய விலங்கை வீழ்த்தப் பெரிய ஈயக் குண்டு ஒன்றே வழியாக இருந்தது. 1880களின் நடுவில் பிரான்சு நாட்டுப் பால் வியேல் புகையற்ற வெடிமருந்தைக் கண்டார். 1889இல் பிரிட்டனில் கார்டைட் என்னும் மருந்து உருவாயிற்று. குண்டு சிறுத்தது, வேகம் பெருகியது. ஆனால் அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலின் வரிகளிலேயே உரிந்துபோகும். ஆகவே ஈயத்தின்மேல் கடினமான உலோகச் சட்டை போர்த்தினார்கள். அவசரகாலத்தில் நம் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்கள் தோளில் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ' ரைபிளின் குண்டு இவ்வகையைச் சேர்ந்ததே.

இங்கேதான் ஒரு புதிய சிக்கல் முளைத்தது. முழுச் சட்டை போட்ட குண்டு உடலுக்குள் ஊசிபோல் நுழைந்து, மறுபக்கம் வெளியேறிவிடும். உள்ளே பெரிய காயம் உண்டாகாது. 1895இல் நடந்த சித்ரால் போரில், குண்டு பட்டவர்கள் விழாமல் ஓடி வருகிறார்கள் என்று பிரிட்டிஷ் இந்தியப் படையினர் முறையிட்டனர். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில் இதற்கு மாற்று செய்தார்கள். குண்டின் நுனியில் மட்டும் சட்டையை நீக்கி ஈயத்தைத் திறந்துவிட்டார்கள். அது உடலில் பட்டதும் காளான்போல் விரிந்து பெருங்காயம் செய்தது. அந்த ஊரின் பெயராலேயே உலகம் அதை 'டம்டம் குண்டு' என்றது. விரியும் குண்டு கொடியது, போரில் பயன்படுத்தலாகாது என்று 1899ஆம் ஆண்டு ஹேக் நகர மாநாடு அறிவித்தது. பிரிட்டனும் 1907இல் அதை ஏற்றுக்கொண்டது.

நேயர்களே, இதில் ஒரு வியப்பு உண்டு. போரில் கொடுமை என்று விலக்கப்பட்ட அதே விரியும் குண்டுதான், வேட்டையில் இரக்கமுள்ள குண்டு என்று கருதப்படுகிறது. ஏன்? காயம்பட்ட போர்வீரனைத் தூக்கிச் செல்லத் தோழர்கள் உண்டு, மருத்துவமனை உண்டு. காயம்பட்ட விலங்குக்கு ஒருவரும் இல்லை. அது நாட்கணக்கில் புதருக்குள் கிடந்து சீழ்பிடித்துச் சாகும். அல்லது என் சித்தப்பாவைப் போன்ற ஒருவரை எதிர்கொள்ளும். ஆகவே ஒரே வெடியில் உயிர் போக வேண்டும் என்பது வேட்டையின் முதல் ஒழுக்கமாயிற்று.

ஆனால் எல்லா விலங்குக்கும் விரியும் குண்டு ஏற்றதா? அன்று. யானையின் மண்டையோடு தடித்தது. மென்முனைக் குண்டு மூளையை எட்டுமுன் சிதைந்துவிடும். அதற்கு விரியாத கெட்டிக் குண்டு வேண்டும். 1898இல் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .450 ரைபிளின் குண்டு 480 கிரெயின் எடையுடையது. அதாவது ஏறத்தாழ 31 கிராம். இதற்கு நேர்மாறானது வட அமெரிக்காவின் கயோட்டி வேட்டை. கயோட்டி என்பது நம் ஊர் நரியைப் போன்ற, பெரும்பாலும் 20 கிலோவுக்குள் அடங்கும் விலங்கு. ஆட்டுக்குட்டிகளைத் தூக்குவதால் அதைச் சுடும் பண்ணையாளர்கள், 55 கிரெயின் எடையுள்ள, அதாவது மூன்றரை கிராம் அளவேயான குண்டைப் பெரிதும் விரும்புகிறார்கள். அது நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, சிறிய உடலுக்குள்ளேயே நொறுங்கிவிடும். விலங்கு உடனே சாகும். தோலும் அதிகம் கிழியாது. குண்டு தரையில் பட்டுத் தெறித்து வேறொருவர்மேல் பாயும் அபாயமும் குறைவு. இதே குண்டைக் காட்டுப்பன்றிமீது ஏவினால் என்னாகும்? ஆண்பன்றியின் தோளில் கேடயம்போல் தடித்த தசைநார்ப் பகுதி உண்டு. நொறுங்கும் குண்டு அதிலேயே பொடியாகி, மேற்காயத்தோடு விலங்கைத் துரத்திவிடும். ஆகவே 'நல்ல தோட்டா' என்று தனியாக ஒன்றும் இல்லை. விலங்கின் எடை, தோலின் தடிப்பு, சுடும் தூரம், குண்டுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது ஆகிய நான்கையும் எண்ணிப் பார்த்தே அது முடிவாக வேண்டும்.

எண்ணாமல் சுட்டதன் விளைவை வரலாறு காட்டுகிறது. இந்தியாவில் குமாவூன் மலைப்பகுதியில் சம்பாவத் புலி என்று ஒரு பெண்புலி, நேபாளத்தையும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907இல் ஜிம் கார்பெட் அதை வீழ்த்தினார். மூன்றே தோட்டாக்களோடு சென்ற அவர், அவை தீர்ந்தபின் உடனிருந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கித்தான் வேலையை முடித்தார். புலியின் வாயைப் பார்த்தபோது, வலப்புறக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ எவரோ சுட்டுப் பாதியில் விட்ட காயம் அது. பல்லிழந்த புலி தனக்குரிய இரையைப் பிடிக்க இயலாமல் மனிதரைத் தேடி வந்தது. ஒருவர் சரிவரச் சுடாத ஒரு குண்டுக்கு, ஒரு மலைநாடே விலை கொடுத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் தோட்டங்களில் பழகியது பெரும்பாலும் 12 எண் ஷாட்கன். அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும். ஆகவே அது 12. இதற்குப் பல அளவு ரவைத் தோட்டாக்கள் உண்டு. பறவைக்குரிய தோட்டாவில் நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் இருக்கும். எஸ்.ஜி. என்ற தோட்டாவிலோ எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவுள்ள பெரிய ரவைகள், பொதுவாக ஒன்பதே இருக்கும். பன்றிக்கு அதுவே பொருந்தும். அதுவும் முப்பது, நாற்பது கஜத்துக்குள்தான். அதற்கு அப்பால் ரவைகள் விலகிப்போய், ஒன்றிரண்டு மட்டும் பட்டு விலங்கை ஊனமாக்கும். இரண்டு தோட்டாவும் ஒரே குழலுக்குள் ஒரே மாதிரி நுழையும் என்பதுதான் அபாயம். மாற்றிப் போட்டால் துப்பாக்கி எச்சரிக்காது.

தோட்டாவைத் தேர்வு செய்ததில் வேடர்கள் மட்டுமல்லர், அரசுகளும் தலையிட்டன. பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் கலகக்காரர் கையில் இருந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் இந்தியாவுக்குள் .450 அளவுத் தோட்டாவைத் தடை செய்தனர். யானைத் துப்பாக்கி செய்தவர்கள் .465, .470 என்று அளவை மாற்ற வேண்டியதாயிற்று. மலாயாவிலோ 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்றாயிற்று. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டப்புறத் தமிழர் பலருக்குத் தோட்டா என்ற சொல்லே அச்சம் தருவதாயிற்று.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. ஆயினும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும் என்று 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விதித்தது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 14 ஆண்டுகள் வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாக்கியது. வேட்டைக்கோ பெர்ஹிலித்தான் என்று நாம் அறிந்த வனவிலங்குத் துறையின் உரிமமும் தேவை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை வகுத்துள்ளது.

இப்போது தியோடர் ஹப்பக்கிடம் திரும்புவோம். 1895இல் மலாயாவுக்கு வந்த அவர், யானையையும் காட்டெருதையும் தேடிக் காடுகளில் அலைந்தார். அவ்வேட்டையைப் பற்றி 1905இல் ஒரு நூலும் வெளியிட்டார். எந்த விலங்கை எங்கே சுட வேண்டும் என்பதை அவரளவு அறிந்தவர் அன்று மலாயாவில் சிலரே. ஆனால் காடுகள் அழிந்து ரப்பர் தோட்டங்கள் பெருகப் பெருக, விலங்குகள் மறைந்துவருவதை அவர் கண்ணால் கண்டார். 1930 முதல் 1932 வரை மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, மூன்று தொகுதிகளாக அறிக்கை தந்தார். அவர் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக, 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் ஜார்ஜ் மன்னர் பெயரால் தேசியப் பூங்கா அமைந்தது. இன்று நாம் தாமான் நெகாரா என்று அழைப்பது அதையேதான். 4,343 சதுர கிலோமீட்டர் காடு அங்கே காக்கப்படுகிறது. ஹப்பக் 1942இல் மறைந்தார்.

நேயர்களே, தோட்டாவைத் தெரிந்தெடுப்பது வலிமையைத் தேடுவதன்று. நாம் எடுக்கப்போகும் உயிரை வதைக்காமல் எடுப்போமா என்று நம்மையே கேட்டுக்கொள்வதாகும். அக்கேள்வியை உண்மையாகக் கேட்பவர், பல வேளைகளில் விசையை அழுத்தாமலே திரும்புவார். ஹப்பக் அதை ஒரு நாட்டின் காடு முழுவதற்குமாகக் கேட்டார். தோட்டங்களில் பன்றியை விரட்ட வேண்டிய தேவை இன்றும் இருக்கலாம். அப்போது, சுடுபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "குழலுக்குள் என்ன போட்டிருக்கிறீர்கள், ஐயா?" என்றும் கேட்போம். மறுநாள் காலை அந்த வழியே குலை வெட்டப் போகிறவர் நம்மில் ஒருவர்.