ஹோவிட்சர்

தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரிக்கு அருகே வசிக்கும் அன்பரொருவர், ‘ஹோவிட்சர்’ என்பதை யாரோ ஒரு துரையின் நாமம் எனக் கருதி, ‘ஹோவிட்சர் துரை செய்த பீரங்கி’ என்று எனக்கு எழுதியிருந்தார். உண்மையில் அச்சொல், 1415-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்ட செக் சமய சீர்திருத்தவாதி யான் ஹூஸின் வழிவந்தோர், தம்மை ஒடுக்கப் படையெடுத்த சிலுவைச் சேனைகளை எதிர்த்து, வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துக் கோட்டையாக்கி, அவற்றினிடையே நிறுத்திச் சுட்ட ‘ஹோஃப்னிட்சே’ என்னும் குட்டைக் குழல் பீரங்கியிலிருந்து பிறந்ததாகும். ‘ஹோஃப்’ என்றால் கூட்டம். நெருங்கிவரும் கும்பலின்மீது சுடுவதற்கானதாகையால் அது காரணப்பெயர். ஜெர்மானியர் நாவில் ‘ஹௌபிட்சே’ என்று திரிந்து, பின்னர் ஆங்கிலம் வழியே நம்மை அடைவதற்குள் கூட்டம் கலைந்துபோய், குண்டை வானில் உயர எறிந்து மறைவிலுள்ள இலக்கின்மேல் விழச்செய்யும் ஆயுதம் என்ற அர்த்தமே நிலைத்துவிட்டது. நற்கருணையில் அப்பத்தோடு திராட்சரசக் கிண்ணமும் பாமரருக்கு உரியதென்று வாதாடிய பக்தர்கள் உலகுக்கு ஈந்த சொல் இதுவென்பது விசித்திரமே. ‘பீரங்கி’யும் பரங்கியரால் வந்த பெயர்தான், ஆயினும் அது நம் வீட்டுச் சொல்லாகிவிட்டமையால், ‘வளைவீச்சுப் பீரங்கி’ என்றெழுதினால் போதுமென்பது என் துணிபு.